ரூல் புக்கில் இருந்து தூக்கப்பட்ட குட்டி ‘நோம்’... 9 மாதத்தில் திரும்பி வந்தது எப்படி? டி அண்ட் டி பிளேயர்களின் தீராத சண்டை

பல வருஷமாக ஆசையாக விளையாடிய கேரக்டர். புது ரூல் புத்தகம் வந்துவிட்டது என்று காசு கொடுத்து வாங்கிப் பிரித்தால், அந்தக் கேரக்டரே அதில் இல்லை. எப்படி இருக்கும்?

2008-ம் ஆண்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிளேயர்கள் பலருக்கு அதுதான் நடந்தது. காணாமல் போனது ‘நோம்’ என்ற 3 அடி உயரக் கேரக்டர். அதை ஒட்டி எழுந்த கேள்விகள் இன்றைக்கும் ஓயவில்லை. நோம் தேவையா? அதற்காக இன்னொரு புத்தகம் வாங்கணுமா?

முதலில், இது என்ன கேம்?

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வெப் சீரிஸில் பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்களே, அதே கேம்தான். சுருக்கமாக டி அண்ட் டி. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் உருவாக்கிய இந்த கேம் 1974-ல் வெளியானது.

ஒருவர் ‘டஞ்சன் மாஸ்டர்’. அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா, சொதப்புமா என்பதை 20 முகம் கொண்ட பகடை முடிவு செய்யும்.

இதற்கு 3 அடிப்படைப் புத்தகங்கள் உண்டு. ஒன்று பிளேயருக்கு, ஒன்று டஞ்சன் மாஸ்டருக்கு, ஒன்று மான்ஸ்டர்களுக்கு. அதற்கு மேல் வருவதெல்லாம் ‘சப்ளிமென்ட்’, அதாவது துணைப் புத்தகங்கள். புதுக் கேரக்டர், புது மந்திரம், புது ஊர் எல்லாம் இவற்றில்தான் வரும்.

நோம் யார்?

16-ம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ், பூமிக்குள் வாழும் குட்டி உருவங்களுக்கு வைத்த பெயர் இது. டி அண்ட் டி-யில் 1978-ல் வந்த பிளேயர் புத்தகத்திலேயே நோமாக விளையாட வழி இருந்தது. மாயத்தோற்றம் காட்டும் ‘இல்லூஷனிஸ்ட்’ வேலைதான் அதன் அடையாளம்.

2014 விதிகளின்படி நோம் 350 முதல் கிட்டத்தட்ட 500 வருஷம் வரை வாழலாம். ‘ராக் நோம்’ வகைக்குக் கைவேலை அத்துப்படி. நடக்கும் பொம்மை, தீ மூட்டும் கருவி, மியூசிக் பாக்ஸ் என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும்.

2008-ல் என்ன நடந்தது?

அந்த ஜூனில் கேமின் 4-வது பதிப்பு வந்தது. பிளேயர் புத்தகத்தில் 8 இனங்கள். டிராகன் மனிதர்களான ‘டிராகன்பார்ன்’, கொம்பு வைத்த ‘டீஃப்ளிங்’ உள்ளே வந்தன. நோம் வெளியே!

நோம் போன இடம்தான் ஹைலைட். மான்ஸ்டர்கள் புத்தகம்! அதன் கடைசிப் பகுதியில் நோமாக விளையாடுவதற்கான சில வரி விதிகள் மட்டும் இருந்தன. நேற்றுவரை ஹீரோ, இன்று எதிரிகள் பட்டியலில்.

2009 மார்ச்சில் வந்த 2-வது பிளேயர் புத்தகத்தில் நோம் முழு விதிகளோடு திரும்பியது. ஆனால் அது தனிப் புத்தகம், தனி விலை. முன்பு கையில் இருந்ததையே மறுபடி காசு கொடுத்து வாங்குவதா என்பதுதான் ரசிகர்களின் கோபம்.

‘நோம் வேண்டாம்’: இவர்கள் சொல்லும் காரணம்

குட்டை உருவத்துக்கு ‘டுவார்ஃப்’ இருக்கிறது, ‘ஹாஃப்ளிங்’ இருக்கிறது. மூன்றாவதாக இது எதற்கு?

அடுத்த புகார், காமெடி. 1980-களின் ‘டிராகன்லான்ஸ்’ கதைகளில் வரும் நோம்கள், கன்னாபின்னாவென்று மெஷின் கட்டி அது சொதப்பும் ரகம். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் மேஜையில் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தால், மற்றவர்களின் சீரியஸ் கதை காலி.

‘நோம் வேணும்’: இவர்கள் சொல்லும் காரணம்

வாள் பலத்தால் ஜெயிக்க நிறைய பேர் இருக்கிறார்கள். ஏமாற்றியும் யோசித்தும் ஜெயிக்க ஒரு ஆள் வேண்டாமா? விதிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. மனதைக் குழப்பும் மந்திரங்களை எதிர்ப்பதில் நோமுக்குத் தனி பலம் உண்டு.

பிரைம் வீடியோவில் 2022-ல் வந்த ‘தி லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மெஷினா’ இவர்களுக்கு நல்ல உதாரணம். அதில் வரும் பாடகன் ஸ்கேன்லன், பூசாரி பைக் இருவருமே நோம்தான். ஸ்கேன்லன் சிரிக்க வைப்பவன், ஆனால் வெறும் ஜோக்கர் இல்லை.

துணைப் புத்தகங்கள் வரமா, செலவா?

நோமுக்கு வீடு, பழக்கவழக்கம், சாமி என்று ஒரு வாழ்க்கையைக் கொடுத்ததில் துணைப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-ல் நோமுக்கும் ஹாஃப்ளிங்குக்கும் சேர்த்து ஒரு புத்தகம் வந்தது. 2004-ல் வந்த ‘ரேசஸ் ஆஃப் ஸ்டோன்’ டுவார்ஃப், நோம், கோலியாத் மூன்றையும் விரிவாகச் சொன்னது.

எதிர்ப்பாளர்களின் வாதமும் லேசானதல்ல. புதுப் புத்தகத்தில் பலமான சக்திகள் வந்தால், அதை வாங்காதவர் அதே மேஜையில் பின்தங்கிவிடுவார். எல்லாப் புத்தகத்தையும் படித்து வைக்கும் சுமை டஞ்சன் மாஸ்டர் தலையில் விழும்.

போட்டி கேம் கொடுத்த பதில்

2009-ல் தனி கேமாக வந்த ‘பாத்ஃபைண்டர்’ நோமை முதல் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டது. கூடவே ஒரு ஆபத்தையும் வைத்தது. அங்கே நோம் புது அனுபவங்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வாழ்க்கை ஒரே மாதிரி போனால் முடி, தோல் எல்லாம் நிறம் வெளுத்து, பெரும்பாலும் செத்தே போகும். இதன் பெயர் ‘பிளீச்சிங்’.

காமெடியாகத் தெரிந்த அதே ஆர்வக்கோளாறு இங்கே உயிர்ப் பிரச்சினை. ‘மூன்றாவது குட்டை எதற்கு?’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கஷ்டம்.

இப்போது நிலை என்ன?

2014, 2024 என இரண்டு பிளேயர் புத்தகங்களிலும் நோம் பத்திரமாக இருக்கிறது. 2024-ல் வெளியே போனவை ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க். உள்ளே வந்தவற்றில் ஒன்று கோலியாத். ஆம், 2004-ல் நோமோடு துணைப் புத்தகத்தில் அறிமுகமான அதே கோலியாத்!

புதிதாக விளையாடப் போகிறீர்களா?

எடுத்த எடுப்பிலேயே புத்தகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். அடிப்படை விதிகளின் ஒரு தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ராக் நோம் அதிலேயே இருக்கிறது.

எந்தெந்தப் புத்தகம் செல்லும் என்பதை முதல் நாளே டஞ்சன் மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். கடைசி முடிவு அவருடையது. அவர் சரி என்றால், புதுப் புத்தகத்தில் இல்லாத பழைய கேரக்டரையும் மேஜைக்குக் கொண்டுவரலாம். 2008-லும் பழைய புத்தகங்களை வைத்தே விளையாடியவர்களின் மேஜையில் நோம் எங்கேயும் போகவில்லை.