திண்ணையும் கனவும்

1967 செப்டம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெட்சர் கவுண்டியில், ஹ்யூ ஓ'கானர் என்ற கனடா நாட்டுத் திரைப்படக்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாடகை வீட்டுத் திண்ணையில் கரி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை அவர் படமெடுத்துக்கொண்டிருந்தார். தொழிலாளிக்கு ஆட்சேபம் இல்லை. சுட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரரான ஹோபர்ட் ஐசன். பத்து வருஷத் தண்டனை பெற்று, ஒரே வருஷத்தில் வெளியே வந்தார். ஊரில் பலர் அவர் பக்கம்.

காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் 1964இல் ஜனாதிபதி ஜான்சன் வறுமையின் மேல் யுத்தம் அறிவித்ததிலிருந்து, பத்திரிகைக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் அந்த அப்பலாச்சிய மலைகளுக்கு வந்த வண்ணமிருந்தார்கள். இடிந்த திண்ணை, அழுக்குக் குழந்தை. படங்கள் பொய்யல்ல. படத்தில் இருந்தவர்களுக்கு அவற்றில் பங்கில்லை, அவ்வளவுதான். கொலையை இது நியாயப்படுத்தாது, கோபத்தை விளக்குகிறது.

1969இல் அதே கவுண்டியின் வைட்ஸ்பர்க்கில், உள்ளூர் இளைஞர்களுக்குத் திரைப்படம் கற்றுத்தர ஆப்பல்ஷாப் தொடங்கியது. 1970களின் நடுவில் வெண்டி ஈவால்ட் அந்த வட்டாரத்துக்கு வந்தார். ஏற்கெனவே கனடாவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் காமிராவைக் கொடுத்துப் பார்த்தவர். 1982 வரை மலைப்பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்.

குழந்தைகளுக்குச் சுதந்திரம் கொடுத்தால் கலை தானாகப் பூக்கும் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. ஈவால்டுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. காமிராவை அவர் தானம் செய்யவில்லை. இன்ஸ்டாமாடிக் ஒன்றைப் பத்து டாலருக்கு விற்றார். பணமில்லாத பிள்ளைகள் வேலை செய்து சம்பாதித்தார்கள். சொந்தக் காமிரா என்பதால் பயமில்லாமல் கையாண்டார்கள். இருட்டறையில் பிலிம் கழுவுவதும் பிரதி எடுப்பதும் அவர்களே. விஷயத்தையும் அவரே கொடுத்தார்: நீ, உன் குடும்பம், உன் பிராணிகள், உன் கனவுகள்.

கடைசி விஷயத்தில்தான் எல்லாம் தலைகீழானது. கனவைப் போய்ப் பிடித்துவர முடியாது. அதை நடிக்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், இடம் தேட வேண்டும். ஒரு பையன் தன் உயிர் நண்பனைக் கொன்றுவிட்டதாகக் கனவு கண்டான். நண்பனையே மரக்கிளைக் கவட்டில் பிணமாகச் சாயவைத்துப் படமெடுத்தான். இதே மலைகளில் வெளியார் எடுத்த படங்களில் ஏழ்மை மட்டுமே தெரிந்தது. இந்தப் படத்தில் ஏழ்மையைத் தேடுகிறவன் ஏமாந்துபோவான். அது சாட்சியம் அல்ல, கற்பனை. அதைச் செய்தவன் ஒரு பள்ளிச் சிறுவன். யதார்த்தம்தான் புகைப்படத்தின் தர்மம் என்று சொல்லும் விமர்சகர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

இருந்தாலும் ஒரு நெருடல். எடுத்ததெல்லாம் புத்தகத்துக்கு வருவதில்லை. பொறுக்குவது, வரிசைப்படுத்துவது, பக்கத்தில் எந்தப் பேச்சை வைப்பது என்பதெல்லாம் பெரியவர்கள் உலகத்துக் காரியம். அந்தக் கண்ணும் நல்ல கண் என்பதால்தான் இந்தப் படங்கள் நமக்குக் கிடைத்தன என்பதும் நிஜம். ஆனால் அந்தச் சிறுவன் தானே தேர்ந்தெடுத்திருந்தால் இதைத்தான் முன்னால் வைத்திருப்பானா?

1985இல் வெளிவந்த புத்தகத்தின் பெயர் ‘போர்ட்ரெய்ட்ஸ் அண்டு ட்ரீம்ஸ்’. அப்பலாச்சியக் குழந்தைகளின் படங்களும் கதைகளும் என்று துணைத்தலைப்பு. 2020இல் வந்த மறுபதிப்பில், நடுவயதைக் கடந்துவிட்ட அந்த மாணவர்கள் சிலர் தங்கள் பிற்கால வாழ்க்கையைச் சொல்கிறார்கள். அட்டையில் ஈவால்டின் பெயர்தான் இருக்கிறது.