இரண்டு காந்தி தெருக்கள்

2020 மே மாதம். உலகத்தில் பாதிப் பேர் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். ஆபீஸ் வேலை சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு ஒரு புதுப் பதிப்பை வெளியிட்டது. அதில் புரோகிராமர்கள் ஆவலோடு காத்திருந்த சமாசாரம் ஒன்று இருந்தது. பெயர், டபிள்யூ.எஸ்.எல். 2. விண்டோஸுக்குள்ளேயே ஒரு நிஜ லினக்ஸ்!

போட்டுப் பார்த்தவர்கள் குஷியானார்கள். பிறகு ஆபீஸோடு இணைய வி.பி.என்.னை ஆன் செய்தார்கள். போச்சு! பலருக்கு விண்டோஸில் இன்டர்நெட் ஜோராக ஓடியது. அதே மெஷினுக்குள் இருந்த லினக்ஸுக்கு மட்டும் வெளியுலகம் இருண்டுவிட்டது. வி.பி.என்.னைத் துண்டித்தால் லினக்ஸுக்கு உயிர் வருகிறது, ஆபீஸ் போய்விடுகிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் எப்படி வேலை பார்ப்பது?

தப்பு யார் மேல்? மைக்ரோசாஃப்ட்டா, வி.பி.என். கம்பெனியா, வீட்டு மோடமா? வேடிக்கை என்னவென்றால், இந்தத் தகராறின் ஒரு பகுதியை 1994-லேயே நாலு பேர் எழுதி எச்சரித்திருந்தார்கள். அதற்கு முன்னால் மெஷினுக்குள் மெஷின் வந்த கதையைப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம்.முக்கு ஓர் ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீஸி தலைமையில் உருவான 'சிபி-40' 1967 ஜனவரியில் இயங்க ஆரம்பித்தது. ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரையும் 'இது முழுக்க என்னுடையது' என்று நம்பவைக்கும் வித்தை. ஒவ்வொரு பொய் மெஷினுக்கும் ஒரு பொய் பிரின்டர், துளை அட்டை படிக்க ஒரு பொய் ரீடர்! இந்த வம்சத்தில் பிறகு வந்த மெஷின்களில் பக்கத்து ஆளுக்கு ஃபைல் அனுப்புவது எப்படித் தெரியுமா? இல்லாத மெஷினில், இல்லாத அட்டையில் துளை போட்டு, அவருடைய இல்லாத ரீடருக்குத் தள்ளிவிட வேண்டும். சிரிப்பாக இருக்கிறதா? ஆனால் அதில் வழி தவற வழியே இல்லை.

1999-ல் வி.எம்.வேர் கம்பெனி இதே வித்தையைச் சாதாரண பி.சி.க்குக் கொண்டுவந்தது. அதற்குள் இன்டர்நெட் வந்தாச்சே! உள்ளே இருக்கும் மெஷின் தெருவுக்கு எப்படிப் போகும்?

நம் ஊர் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்தனக்காரருக்குத் தெருவைப் பார்க்கத் தனி வாசலும் தனி டோர் நம்பரும் கொடுப்பது ஒரு முறை. இதற்குப் பெயர் பிரிட்ஜ். இன்னொரு முறை, எல்லாரும் வீட்டுக்காரரின் வாசலையும் விலாசத்தையுமே பயன்படுத்துவது. வருகிற தபாலை வீட்டுக்காரர் வாங்கி, உள்ளே யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். இதற்குப் பெயர் நாட்.

இந்த நாட் பிறந்ததே ஒரு பஞ்சத்தில்தான். 1981-ல் இன்டர்நெட் விலாசங்களுக்கு வகுத்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். தாராளம் என்று நினைத்தார்கள். பத்தே வருஷத்தில் 'தீர்ந்துவிடும்' என்று கலவரமானார்கள். 1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நாட் முறையை எழுதி வெளியிட்டார்கள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் அவர்களே சொன்னார்கள். (தற்காலிகம் என்று போட்ட கூரை எந்த ஊரில் சீக்கிரம் இறங்கியிருக்கிறது?)

அதே 1994 மார்ச்சில் இன்னொரு திட்டமும் வந்தது. 10-ல் ஆரம்பிக்கும் எண்கள், 172.16 முதல் 172.31 வரை, 192.168. இந்த மூன்று தொகுப்புகளையும் யார் வேண்டுமானாலும், யாரையும் கேட்காமல், தங்கள் ஆபீஸுக்குள் வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பது போல. அந்தந்த ஊருக்குள் இருக்கும்வரை குழப்பமில்லை.

நாலே மாதத்தில், ஜூலையில், எதிர்ப்பு வந்தது. எலியட் லியர் முதலான நாலு பேர், '10-ஆம் நெட்வொர்க் ஆபத்தானது' என்கிற மாதிரியான தலைப்பில் ஓர் ஆவணமே வெளியிட்டார்கள். இன்று தனித்தனியாக இருக்கும் இரண்டு நெட்வொர்க்குகள் நாளை இணைய வேண்டி வந்தால்? இரண்டு ஊரிலும் அதே காந்தி தெரு, அதே 12-ஆம் நம்பர் வீடு. தபால்காரர் என்ன செய்வார்?

கேட்டார்களா? 1996 பிப்ரவரியில் திட்டம் திருத்தி வெளியானது. மூன்று தொகுப்புகளும் அப்படியே. ஆசிரியர்கள் பட்டியலில் கடைசியாக ஒரு புதுப் பெயர்... எலியட் லியர்! எதிர்த்தவரையே உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள்.

அதே 1996-ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0-வில் வி.பி.என். வசதி இருந்தது. அதாவது, வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒரு ரகசியச் சுரங்கப்பாதை. லியர் கோஷ்டி பயந்தது போல இரண்டு ஊர்களை இணைக்கும் வேலை, அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு நடக்க ஆரம்பித்தது.

ஆச்சா? இப்போது 2020-க்கு வாருங்கள். டபிள்யூ.எஸ்.எல். 2 உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் மெஷின், நாட் வழியாக வெளியே போவது. தன் உள் நெட்வொர்க்குக்கு அந்த 172 தொகுப்பிலிருந்து தானாகவே ஓர் எண் வரிசையை எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால் அது மாறவும் மாறும். உங்கள் ஆபீஸும் 172-ல் இருந்தால்? திங்கட்கிழமை ஓடியது செவ்வாய்க்கிழமை ஓடாது. 'நேத்துகூட நல்லாத்தானே இருந்தது!' என்று புலம்பியவர்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் மெஷினிலும் இந்தக் கூத்து நடந்தால், எதையும் அழித்துத் திரும்பப் போடாதீர்கள். முதலில் உள் மெஷின் பிரிட்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது தன் தனி வாசல் வழியாக நேரே தெருவுக்குப் போய்விடும். சுரங்கம் வெட்டியிருப்பது வீட்டுக்காரரின் அறையில்! நாட்டுக்கு மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

அப்புறமும் தகராறா? ஆபீஸ் சர்வர் ஒன்றைப் பெயரால் கூப்பிடாமல், எண்ணால் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால் டி.என்.எஸ். சிக்கல். உள் மெஷின் இன்னும் பழைய டெலிபோன் டைரக்டரியைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. ஆபீஸ் டி.என்.எஸ். எண்ணை அதில் எழுதிவிட்டால் தீர்ந்தது. எண்ணுக்கே பதில் இல்லையா? காந்தி தெரு மோதலாக இருக்கலாம். உள் நெட்வொர்க்கை வேறு வரிசைக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது ரகம்தான் ஆளைக் கொல்வது. கனெக்‌ஷன் கிடைக்கும், பாஸ்வேர்டு கேட்கும், உள்ளேயும் விடும்... பெரிய ஃபைலைத் தொட்டதும் உறைந்துவிடும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். வி.பி.என். அந்தப் பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போடுகிறது. உறைக்கும் இடம் வேண்டாமா? உள் மெஷினுக்கோ சுரங்கம் இருப்பதே தெரியாது. முழு 1500-ஐ அனுப்பும். 'பெரிசா இருக்கு, சின்னதாக்கு' என்று திரும்பி வரும் சீட்டை வழியில் ஏதாவது ஃபயர்வால் கிழித்துப் போட்டுவிடும். உள் மெஷினின் எம்.டி.யு. அளவை 1400 ஆக்குங்கள். போதவில்லையா, 1350.

ஒன்று மட்டும். சில வி.பி.என்.கள் உள் மெஷின்களை வேண்டுமென்றேதான் தடுக்கின்றன. அது கோளாறு இல்லை, ஆபீஸின் பூட்டு. அதைக் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அட்மினிடம் கேளுங்கள்.

2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 11-க்கு ஒரு புது முறையைத் தந்தது. லினக்ஸுக்குத் தனி விலாசம் கிடையாது. விண்டோஸின் நெட்வொர்க் அப்படியே உள்ளேயும் தெரியும். பெயர் தேடும் வேலையையும் விண்டோஸே செய்து கொடுக்கும். இதில் ஒரு சங்கதி. 2016-ல் வந்த முதல் டபிள்யூ.எஸ்.எல்.லில் உள் மெஷினே கிடையாது, விண்டோஸ் நெட்வொர்க்கைத்தான் பயன்படுத்தியது. வி.பி.என். போட்டால் அதற்கு இந்த மாதிரி மூச்சு முட்டியதில்லை. ஏழு வருஷம் ஊரைச் சுற்றிவிட்டு லினக்ஸ் மறுபடி வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10-லேயே தங்கிவிட்டவர்களுக்கு அந்த வாசல் இல்லை. அவர்களுக்கு 1350-தான்.