கஹ்வா கண்ட விசாரணைகள்

அரபு அகராதியில் 'கஹ்வா' என்னும் சொல்லைத் தேடுவோர் சற்றே திடுக்கிடுவர். இன்று காப்பியைக் குறிக்கும் அச்சொல், பண்டை அரபுக் கவிதைகளில் மதுவின் பெயர்களுள் ஒன்றாக வழங்கி வந்தது. பெயரோடு ஒட்டி வந்த ஐயம் அப்பானத்தை நெடுங்காலம் விடவில்லை. "காப்பி உடம்புக்கு ஆகுமா, ஆகாதா?" என்று நம் இல்லங்களில் எழும் கேள்வி, 500 ஆண்டுகளுக்கு முன் புனித மக்காவில் ஒரு விசாரணையாகவே நடந்தேறியது.

கி.பி. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் யமன் நாட்டு சூஃபிகளிடையே கஹ்வா பரவியது. இரவில் திக்ரு செய்வோருக்கு உறக்கம் கலைய அது உதவிற்று. கெய்ரோவில் அல்-அஸ்ஹரை ஒட்டித் தங்கியிருந்த யமனியர், திங்கள், வெள்ளி இரவுகளில் செந்நிற மண்பாண்டத்தில் கஹ்வாவை வைத்து, ஒருவர்பின் ஒருவராக முகந்து அருந்தினர். இச்செய்திகளை நமக்குக் காத்துத் தந்தவர் அப்துல் காதிர் அல்-ஜஸீரீ (ரஹ்). 1558 வாக்கில் அவர் இயற்றிய 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா' என்னும் நூல், கஹ்வா ஹலால் என்பதை நிறுவுவதற்கென்றே எழுந்தது. ஏடன் நகரத்து முஃப்தி ஷைகு ஜமாலுத்தீன் தப்ஹானீ (ரஹ்) நோயுற்றபோது அதனை அருந்திச் சோர்வு நீங்கப் பெற்றார் என்றும், அதன் பின்னரே அவர்வழி அது பரவியது என்றும் அந்நூல் கூறுகிறது. தம் உடம்பில் கண்ட பயனே அவருக்குச் சான்றாயிற்று என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

ஹிஜ்ரி 917, அதாவது 1511-ஆம் ஆண்டு, ரபீஉல் அவ்வல் மாதம். மம்லூக் அரசின் சார்பில் மக்காவில் சந்தையையும் ஒழுக்கத்தையும் கண்காணித்து வந்த காயிர் பேக், ஹரம் ஷரீஃபின் அருகே விளக்கொளியில் சிலர் கூடி எதையோ பருகுவதை இரவில் கண்டார். மறுநாளே உலமாக்களின் அவையைக் கூட்டினார். தடுக்கப்படாத பொருள் எதுவும் அடிப்படையில் ஆகுமானதே என்ற ஃபிக்ஹு விதி அவையோருக்குத் தெரியாததன்று. ஆகவே உடலுக்குத் தீங்கானதா என்று மருத்துவர் சொல்லட்டும் என்றனர். பாரசீக நாட்டைச் சேர்ந்த மருத்துவச் சகோதரர் இருவர் முன்வந்து, கஹ்வா குளிர்ச்சியும் வறட்சியும் உடையது, ஆகவே கேடானது என்று உரைத்தனர். கபத்தை உலர்த்தவல்லது 'புன்னு' என்று முன்னைய மருத்துவ நூல் ஒன்று கூறுகிறதே என ஒருவர் மறுத்தபோது, அது வேறொரு செடி என்று தள்ளிவிட்டனர். மதுவைப் போலவே இது மயக்குகிறது என்று சாட்சி சொன்ன ஒருவர், அந்த ஒப்புமை எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டு, மது அருந்தியதை ஒப்புக்கொண்டு அடி வாங்கினார் என்றும் ஒரு கதையுண்டு!

தீர்ப்பு எழுதப்பட்டது. கஹ்வா தெருக்களில் எரிக்கப்பட்டது, விற்றோர் அடிபட்டனர். ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை, முறைகேடான கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முற்றாகத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே காயிர் பேக்கின் பதவியும் போயிற்று. அம்மருத்துவர்கள் கஹ்வா குடித்தவரைச் சோதித்துச் சொல்லவில்லை. ஏட்டிலிருந்த கோட்பாட்டை எடுத்து ஓதினர். பிழை அங்கேதான்.

இப்பிழை நம் காலத்தில் வேறு உருவில் திரும்பி வந்தது. கத்தரிக்காயை நறுக்கிய நம் பெண்கள் அதை உடனே தண்ணீரில் இடுகின்றனர். ஏன்? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் கறுத்துவிடும். அவ்வாறு கறுப்பது அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம். காப்பிக் கொட்டையில் இப்பொருள் மிகுதி. வறுக்காத கொட்டையின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இருக்கும். வறுக்க வறுக்கக் குறையும். ஆக்ஸிஜனின் தாக்குதலைத் தான் ஏற்றுக்கொண்டு பிறவற்றைக் காப்பதால் இத்தகையவற்றை ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர். உடலின் முதுமைக்கும் நோய்க்கும் ஆக்ஸிஜன்வழிச் சிதைவே காரணம் என்ற கருத்தை 1956-இல் டென்ஹாம் ஹார்மன் வெளியிட்டார். அதைப் பற்றிக்கொண்டு, சோதனைக் குழாயில் சிதைவைத் தடுப்பது உடலிலும் தடுக்கும் என்று பலரும் முடிவு கட்டினர், மாத்திரைகள் பெருகின.

சோதித்துப் பார்த்தபோது நடந்தது என்ன? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. காரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது. அமெரிக்காவில் இதையொத்த மற்றோர் ஆய்வு, தீங்கு தெரிந்ததால் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காய்கனிகளை உண்போர் நலமாயிருப்பது மெய். அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து விழுங்குவது வேறு. புகைபிடிப்போர் உள்ள குடும்பங்கள் இத்தகைய மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தராதிருப்பது நலம்.

காப்பிக்கோ மீண்டும் ஒரு விசாரணை காத்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 1991-இல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று காப்பியை ஐயப்பட்டியலில் சேர்த்தது. 2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, போதிய சான்றில்லை என்று அப்பட்டியலிலிருந்து நீக்கியது. 65 டிகிரிக்கு மேற்பட்ட கொதிசூட்டில் எப்பானத்தை அருந்தினாலும் உணவுக்குழாய்க்கு ஆபத்துண்டு என்பதை மட்டும் எச்சரித்தது. மிதமாகக் காப்பி அருந்துவோரிடம் ஈரல் நோயும் நீரிழிவும் குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. காஃபீன் நீக்கிய காப்பியிலும் நீரிழிவு பற்றிய இதே போக்குத் தெரிவதால், குளோரோஜெனிக் அமிலத்திற்கும் பங்கிருக்கலாம் என்பர். எனினும் இவை அருந்துவோரைக் கவனித்து எழுதிய கணக்குகளே; காப்பிதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லப் போதா. கருவுற்ற பெண்கள் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் விருந்துகளில் அக்கோப்பையில் விழும் சர்க்கரையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

வடிகட்டாது காய்ச்சும் அரபு, துருக்கி முறைக் காப்பியில் கொழுப்புச் சத்தை உயர்த்தும் எண்ணெய்ப் பொருள்கள் தங்கிவிடுகின்றன. காகித வடிகட்டி அவற்றைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அவற்றுள் ஒன்றுக்கு வேதியியலார் சூட்டிய பெயர் 'கஹ்வியோல்'. நம் பழைய கஹ்வாதான் அது. யமனியரோ கொட்டையைவிட அதன் மேல்தோலைக் காய்ச்சிய 'கிஷ்ரு' என்னும் பானத்தையே பெரிதும் விரும்பினர். அல்-ஜஸீரீயின் நூல் அதையும் பேசுகிறது. அந்தக் காப்பிப் பழத்தோலைத் தம் சந்தையில் உணவாக விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதி வழங்கியது.