காணாமற்போன இரவு அங்கி

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். நம் பாட நூல்கள் இவ்விடத்தில் அத்தியாயத்தை முடித்துவிடும். வில்கி காலின்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரோ இங்கேதான் தம் கதையைத் தொடங்குகிறார். கோட்டையில் நடந்த கொள்ளையின்போது ஓர் ஆங்கில அதிகாரி, காவல் நின்ற மூவரைக் கொன்று, மஞ்சள் வைரம் ஒன்றைக் கவர்கிறான். முன்னொரு காலத்தில் சோமநாதபுரத்துச் சந்திர தேவனின் நெற்றியில் விளங்கிய கல் அது என்பது கதை.

நாவலின் பெயர் ‘மூன்ஸ்டோன்’. 1868-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவந்தது. அந்த அதிகாரியின் உயிலின்படி, 1848-இல் யார்க்‌ஷயரில் வாழும் அவனுடைய சகோதரி மகளுக்கு அவளது பதினெட்டாம் பிறந்த நாளன்று வைரம் வந்து சேர்கிறது, அன்றிரவே மறைந்துவிடுகிறது. எடுத்தவர் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. மாணவ நேயர்கள் படித்துத் தெரிந்துகொள்வதே முறை.

கதை ஆண்டு வரிசைப்படி செல்வதன்று. வீட்டுக் காரியஸ்தரான முதியவர் 1850-இல் அமர்ந்து 1848-ஐ நினைவுகூர்ந்து எழுதுகிறார். அவர் நிறுத்திய இடத்தில் ஓர் உறவுக்காரப் பெண்மணி தம் நாட்குறிப்பைப் பிரிக்கிறார், அவருக்குப் பின் ஒரு வழக்கறிஞர், பின்னும் சிலர். எழுதுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவரவர் அன்று அறிந்ததை மட்டுமே எழுத வேண்டும். பின்னால் தெரியவந்ததை முன்னே கொண்டுவந்து சேர்க்கலாகாது. சரித்திரம் கற்பித்தே காலங்கழித்த எனக்கு இந்த நிபந்தனை மிகவும் உவப்பானது. 1757-இல் பிளாசிக் களத்தில் நின்ற சிப்பாய்க்கு 1857 வரப்போவது தெரியாது. விடைத்தாள் எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான்.

இத்தகைய கதைக்கட்டு காலின்ஸுக்கு ஏன் தேவைப்பட்டது? மூடிய வீட்டின் உண்மை ஒரே நாளில் ஒரே வாயிலிருந்து வெளிவராது என்பதை அக்கால இங்கிலாந்து கண்கூடாகக் கண்டிருந்தது. 1860 ஜூன் 29-ஆம் நாள் இரவு, வில்ட்ஷயர் எல்லையிலுள்ள ரோட் என்னும் சிற்றூரில், தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் வீட்டிலிருந்த, நான்கு வயது நிரம்பாத ஆண் குழந்தை படுக்கையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுக் கொலையுண்டது. செய்தவர் வீட்டினுள் உறங்கியவர்களில் ஒருவரே என்ற ஐயம் வலுத்தது. ஸ்காட்லாந்து யார்டிலிருந்து இன்ஸ்பெக்டர் விச்சர் வந்தார். 1842-இல் எட்டுப் பேருடன் அமைந்த துப்பறியும் பிரிவின் முதல் உறுப்பினர்களுள் ஒருவர்; எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் கேட்டது சலவைக் கணக்கு. முதல் மனைவியின் மகளான பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸின் இரவு அங்கிகளில் ஒன்று குறைந்தது. இறந்த குழந்தையோ இரண்டாம் மனைவியின் மகன். அந்த அம்மையார் முன்பு அதே வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர்.

விச்சர் அப்பெண்ணைக் கைது செய்தார். நாடே கொதித்தது, குழந்தைக்காக அன்று, கனவானின் வீட்டுத் துணிமணிகளைப் போலீஸ்காரன் ஒருவன் கிளறினானே என்பதற்காக! பெண் விடுவிக்கப்பட்டாள். பழிச்சொல்லோடு லண்டன் திரும்பிய விச்சர், 1864-இல் உடல்நலங் குன்றிப் பதவியிலிருந்து விலகினார். மறு ஆண்டு ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாக்குமூலம் முழு உண்மைதானா என்று இன்றும் ஐயுறுவோர் உண்டு.

காலின்ஸின் நாவலில் கொலை களவாகிறது. காணாமற்போன அங்கி, கதவின் ஈரச் சாயம் படிந்த அங்கியாகிறது. துப்பறிய வரும் சார்ஜெண்ட் கஃப் சலவைக் கணக்கைத்தான் கேட்கிறார். பணிப்பெண்களின் பெட்டிகள் தயக்கமின்றித் திறக்கப்படுகின்றன. வீட்டு இளவரசி தன் அலமாரியைத் திறக்க மறுத்ததும் சோதனையே நின்றுவிடுகிறது. அந்த ஒரு காட்சியில், சரித்திர நூல் பல பக்கங்களில் சொல்லும் வர்க்க பேதம் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், விச்சருக்கு இழைத்த அநீதிக்குக் காலின்ஸ் ஈடு செய்தார் என்று சொல்ல இயலாது. விச்சரின் ஐயம் மெய்ப்பட்டு மூன்றாண்டுகள் சென்ற பின்னும், நாவலில் கஃப்பின் ஐயத்தைப் பொய்யாகவே முடிக்கிறார். அந்தத் தவற்றை உணர்ந்து கஃப் மீண்டும் வந்து உதவுவது வேறு கதை.

வைரம் 1850-இல் சோமநாதபுரத்துக்கே திரும்புகிறது. சிப்பாய்க் கிளர்ச்சி நடந்து பதினோராண்டுகளே ஆன காலத்தில், ஆங்கிலேயனைத் திருடனாகவும் இந்தியரை உரிமையுடையோராகவும் ஆங்கில வாசகர் முன் நிறுத்தத் துணிவு வேண்டும்.

கென்ட் வீட்டின் கதைக்கு அப்படி ஒரு முடிவு அமையவில்லை. கான்ஸ்டன்ஸுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபதாண்டுச் சிறைவாசத்திற்குப் பின் 1885-இல் விடுதலையானார். ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, வேறொரு பெயரில் செவிலியாகப் பணிபுரிந்து, 1944-இல் தமது நூறாவது வயதில் காலமானார்.