இராணுவப் பாதுகாப்பு அனுமதியும் இரட்டைக் குடியுரிமைத் துறப்பும்

ஐக்கிய அமெரிக்காவில் படைத்துறை இரகசியங்களைக் கையாளும் பணிக்குச் செல்பவர், தம்மிடமுள்ள வேறொரு நாட்டின் குடியுரிமையைக் கைவிட வேண்டுமா? இக்கேள்விக்கு அந்நாட்டு அரசு ஒரே விடையை எப்போதும் அளித்ததில்லை. 2000ஆம் ஆண்டு முதல் 2006 வரை வெளிநாட்டுக் கடவுச்சீட்டு ஒன்று கையில் இருப்பதே அனுமதியை மறுக்கப் போதுமான காரணமாக இருந்தது. 2017 முதல் நடைமுறையில் உள்ள விதியோ, இரட்டைக் குடியுரிமை மட்டுமே தடையாகாது என்கிறது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் நெடிய வரலாறு ஒன்று உண்டு.

பாதுகாப்பு அனுமதி என்பது அரசின் இரகசிய ஆவணங்களைப் பார்க்க ஒருவருக்கு வழங்கப்படும் ஒப்புதல் ஆகும். அமெரிக்காவில் இது கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என மூன்று படிநிலைகளைக் கொண்டது. படைவீரர்கள் மட்டுமன்றிப் போர்விமானம், ஏவுகணை, மென்பொருள் ஆகியவற்றை அரசுக்குச் செய்து தரும் தனியார் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் இது தேவை. அனுமதி மறுக்கப்பட்டால் வேலையும் பெரும்பாலும் போய்விடும். எனவே இது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தைத் தொடும் விடயம்.

உறுதிமொழியின் முரண்

அமெரிக்கக் குடியுரிமை பெறுபவர் பிற அரசுகளின் மீதான பற்றைத் துறப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என 1795ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ஆனால் அமெரிக்க நீதிமன்றத்தில் செய்யப்படும் சத்தியம் பிறந்த நாட்டின் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது. பிறப்பால் வந்த பற்றை எவரும் துறக்க இயலாது என்பதே அக்காலப் பிரித்தானியச் சட்டம். அமெரிக்கக் கப்பல்களில் பணிபுரிந்த மாலுமிகளைத் தன் குடிகள் என்று கூறிப் பிரித்தானியக் கடற்படை பிடித்துச் சென்றது 1812ஆம் ஆண்டுப் போருக்கான காரணங்களுள் ஒன்று. குடியுரிமையைத் துறப்பது மனிதனின் இயல்பான உரிமை என்று அமெரிக்கா 1868இல் சட்டம் இயற்றியது. அப்போதும் பிற நாடுகள் தம் குடிமக்களை விடுவித்தால்தான் துறப்பு முழுமையாகும் என்ற நிலை மாறவில்லை. இன்றும் பிறப்பால் வந்த அர்ஜென்டினக் குடியுரிமையைத் துறக்க வழியில்லை. ஈரானியக் குடியுரிமையைத் துறக்க 25 வயது நிறைந்திருப்பதோடு அமைச்சரவையின் இசைவும் வேண்டும். கைவிட முடியாத ஒன்றைக் கைவிடு என்று கேட்பதில் உள்ள சிக்கல் பிற்காலத்தில் பாதுகாப்பு அனுமதி விதிகளையும் விடாமல் தொடர்ந்தது.

நிசெய் தலைமுறை

இக்கேள்வி முதன்முதலில் பெரிய அளவில் எழுந்தது ஜப்பானிய அமெரிக்கர்களிடம். அமெரிக்க மண்ணில் பிறந்த இரண்டாம் தலைமுறையினரான நிசெய்கள் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். தந்தை ஜப்பானியர் என்பதால் ஜப்பானியச் சட்டப்படி ஜப்பானியக் குடிமக்களும் கூட. 1916ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டம் துறப்பதற்கு வழிவிட்டது. ஆனால் 17 வயது நிறைந்த ஆண்கள், ஜப்பானியப் படைச்சேவையை முடித்த பிறகே துறக்க முடியும். 1924ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கியது. அதன்பின் அமெரிக்காவில் பிறந்த குழந்தையைப் பெற்றோர் 14 நாட்களுக்குள் தூதரகத்தில் பதிவு செய்தால் மட்டுமே ஜப்பானியக் குடியுரிமை நிலைத்தது. போர் நெருங்க நெருங்க, தம் பற்றில் எவருக்கும் ஐயம் இருக்கக் கூடாது என்று பல நிசெய்கள் ஜப்பானியக் குடியுரிமையை முறைப்படி துறந்தனர்.

அத்துறப்பு அவர்களைக் காப்பாற்றவில்லை. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூசுவெல்ட் 9066ஆம் நிறைவேற்று ஆணையில் கையொப்பமிட்டார். அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். துறந்தவர், துறக்காதவர் என்ற வேறுபாடு அங்கே பார்க்கப்படவில்லை. 1943இல் முகாம்களில் வழங்கப்பட்ட வினாத்தாளின் 28ஆம் கேள்வி, ஜப்பானியப் பேரரசர் மீதான பற்றைக் கைவிடுகிறீர்களா என்று கேட்டது. இல்லாத பற்றை எப்படிக் கைவிடுவது என்று நிசெய்கள் திகைத்தனர். அவர்களுடைய பெற்றோரின் நிலை இன்னும் மோசம். அமெரிக்கச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையையே மறுத்திருந்தது. ‘ஆம்’ என்று எழுதினால் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாத நிலை வரும் என்று அவர்கள் அஞ்சியதால், அவர்களுக்கான கேள்வி பின்னர் மாற்றி எழுதப்பட்டது.

இதே காலத்தில்தான் அமெரிக்கப் படை நிசெய்களைத் தேடிக்கொண்டும் இருந்தது. 1941 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 60 மாணவர்களுடன் தொடங்கிய படைத்துறை உளவு மொழிப்பள்ளி, கைப்பற்றப்பட்ட ஆவணங்களைப் படிக்கவும் கைதிகளை விசாரிக்கவும் ஆட்களைப் பயிற்றுவித்தது. முதல் வகுப்பில் இருவரைத் தவிர அனைவரும் நிசெய்கள். ஜப்பானில் சில ஆண்டுகள் படித்துத் திரும்பிய கிபெய்கள்தான் மொழியை நன்கு அறிந்தவர்கள். அரசு மிகுதியாக ஐயுற்றதும் அவர்களைத்தான். எவரிடம் ஐயம் அதிகமோ அவரிடமே தேவையும் அதிகம் என்ற இந்த இக்கட்டு அதன்பின் வந்த போர்களிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

இரண்டு வழக்குகள்

வில்லியம் கிரீன் என்ற வானூர்திப் பொறியாளர் தனியார் நிறுவனம் ஒன்றின் துணைத்தலைவராக ஆண்டுக்கு 18,000 டாலர் ஊதியம் பெற்றவர். பொதுவுடைமையாளர்களுடன் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 1953இல் அவருடைய அனுமதி பறிக்கப்பட்டது. வேலை இழந்த அவர் பின்னர் 4,400 டாலர் ஊதியத்தில் கட்டட வரைவாளராகச் சேர்ந்தார். தமக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் யார் என்பதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அதிபர் ஐசனாவர் பிறப்பித்த 10865ஆம் ஆணை, நிறுவனப் பணியாளர்களுக்கு விசாரணை கோரும் உரிமையை அளித்தது. கிரீன் வழக்கில் குடியுரிமைப் பிரச்சினை இல்லை. ஆயினும் இரட்டைக் குடியுரிமையாளர்கள் பிற்காலத்தில் தம் நிலையை நடுவர் முன் எடுத்துரைக்க வழி திறந்தது அவரால்தான்.

மற்றது பேய்ஸ் அஃப்ரோயிம் வழக்கு. போலந்தில் பிறந்து 1926இல் அமெரிக்கக் குடிமகனான அவர், 1951இல் இஸ்ரேல் தேர்தலில் வாக்களித்தார். அதனால் அமெரிக்கக் குடியுரிமையை இழந்துவிட்டார் என்று அரசு கூறியது. ஒருவருடைய விருப்பமின்றி அவர் குடியுரிமையைப் பறிக்க இயலாது என்று 1967இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் அமெரிக்காவில் இரட்டைக் குடியுரிமையாளர்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் குடியுரிமைதான் உரிமை. பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையன்று என்பதை 1988இல் ஈகன் வழக்கில் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. வாக்களித்ததற்காகக் குடியுரிமையைப் பறிக்க முடியாத அரசு, அதே வாக்கைக் காட்டி வேலையை மறுக்க முடிந்தது.

மனி குறிப்பாணை

1997இல் ஏற்கப்பட்ட வழிகாட்டு விதிகளில் ‘வெளிநாட்டுச் சார்பு’ என்பது தனித் தலைப்பாகவே இடம்பெற்றது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் படைச்சேவை, ஓய்வூதியம், வாக்களிப்பு ஆகியவை பாதகமானவை. பெற்றோர் வழியாகவோ பிறந்த இடத்தாலோ மட்டும் வந்த குடியுரிமையும், அதைத் துறக்க விருப்பம் தெரிவித்தலும் சாதகமானவை. விருப்பம் என்ற சொல் இங்கு முக்கியமானது. துறப்பை முடித்துக் காட்ட வேண்டியதில்லை, ஆயத்தமாக இருந்தால் போதும். விடுவிக்க மறுக்கும் நாடுகளில் பிறந்தவர்களுக்கு இது மூச்சுவிட இடம் தந்தது.

அந்த இடம் விரைவில் குறுகியது. 2000 ஆகஸ்ட் 16 அன்று பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர்களுள் ஒருவரான ஆர்தர் மனி ஒரு குறிப்பாணை வெளியிட்டார். கையொப்பமிட்டவர் பெயரால் அது ‘மனி குறிப்பாணை’ என்றே அழைக்கப்பட்டது. பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஒப்படைத்தால் அல்லது அமெரிக்க அரசின் இசைவைப் பெற்றிருந்தால் ஒழிய அனுமதி கிடையாது என்றது அக்குறிப்பாணை. வசதிக்காக வைத்திருக்கிறேன் என்பதோ, அந்நாட்டுச் சட்டம் கேட்கிறது என்பதோ ஏற்கப்படவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துப் பூட்டி வைப்பதும் போதாது, வழங்கிய அரசிடமே திருப்பித் தர வேண்டும் என்று மேல்முறையீட்டு வாரியம் பொருள்கொண்டது.

இஸ்ரேலும் ஈரானும் தம் குடிமக்கள் தம் கடவுச்சீட்டில்தான் உள்ளே வர வேண்டும் என்று கேட்கும் நாடுகள். அங்கே முதிய தாய் தந்தையரை விட்டு வந்த பொறியாளருக்கு, கடவுச்சீட்டை ஒப்படைப்பது என்பது அவர்களைப் பார்க்கும் வழியை அடைப்பதாகும். அதேவேளை கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தாலும் குடியுரிமை அப்படியே இருக்கும். மறுநாளே புதியதற்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே இந்த விதி பற்றை அளந்ததைவிடக் கீழ்ப்படிதலை அளந்தது என்பதே பொருத்தம்.

ஒற்றர்களின் கடவுச்சீட்டு

அமெரிக்காவுக்குப் பெருங்கேடு செய்த ஒற்றர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. கடற்படையின் ஜான் வாக்கர், நடுவண் உளவுத்துறையின் ஆல்ட்ரிச் ஏம்ஸ், புலனாய்வுத்துறையின் ராபர்ட் ஹான்சென் ஆகிய மூவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அவர்கள் இரகசியங்களைப் பணத்துக்கு விற்றார்கள். இஸ்ரேலுக்காக உளவு பார்த்து 1985இல் கைதான ஜொனாதன் பொல்லார்டு இஸ்ரேல் குடியுரிமை பெற்றது 1995இல், சிறையில் இருந்தபோது. மும்பையில் பிறந்த நோஷிர் கோவாடியா பி-2 குண்டுவீச்சு விமானத்தின் உந்துவிசை அமைப்பில் பணியாற்றியவர். 2011இல் அவருக்கு 32 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் இரகசியங்களைக் கொடுத்தது சீனாவுக்கு. பிறந்த நாடான இந்தியாவுக்கு அல்ல.

தளர்ந்த விதி

2005 இறுதியில் ஏற்கப்பட்டு 2006 முதல் பாதுகாப்புத் துறை பின்பற்றிய புதிய வழிகாட்டு விதிகள் சற்றே இறங்கி வந்தன. கடவுச்சீட்டை அழிக்கலாம், செல்லாததாக்கலாம், அல்லது பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்து வைக்கலாம். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் மொழியறிந்தவர்களுக்கு ஏற்பட்ட தேவையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் கையொப்பமிட்டு 2017 ஜூன் 8 முதல் நடைமுறைக்கு வந்த நான்காம் நெறிமுறை, இரட்டைக் குடியுரிமையைத் தன்னளவில் தடையாகக் கருதவில்லை. அமெரிக்காவின் நலனுடன் மோதல் இருக்கிறதா, எதையாவது மறைத்தாரா என்பவையே இப்போது பார்க்கப்படுகின்றன. கடவுச்சீட்டை வைத்திருப்பதைவிட அதைச் சொல்லாமல் விடுவதுதான் இன்று ஒருவருக்கு வேலையைக் கெடுக்கும்.

தமிழர்களும் இவ்விதிகளும்

2008இல் தொடங்கி 2016 வரை நடந்த மாவ்னி என்ற ஆட்சேர்ப்புத் திட்டத்தின் மூலம் குடியுரிமை இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கப் படைகளில் சேர்ந்தனர். படைக்குத் தேவையெனப் பட்டியலிடப்பட்ட மொழிகளில் தமிழும் சிங்களமும் இருந்தன. படையில் சேர்ந்தோர் விரைவாக அமெரிக்கக் குடியுரிமை பெற வழி இருந்தது. இலங்கைச் சட்டம் 1987 முதல், விண்ணப்பித்து இசைவு பெற்றவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. எனவே யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவருக்குத் துறப்புக் கேள்வி உண்மையாகவே எழக்கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து சென்றவரின் நிலை வேறு. இந்திய அரசமைப்பின் 9ஆம் உறுப்பும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றதுமே இந்தியக் குடியுரிமை தானாக நீங்கிவிடுகிறது. துறப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைப்பது மட்டுமே மீதி. 2005 முதல் வழங்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, பெயரில் ‘குடிமகன்’ என்றிருந்தாலும் சட்டப்படி குடியுரிமையன்று. வாக்குரிமை, இந்தியக் கடவுச்சீட்டு ஆகியவை அதில் இல்லை. வாழ்நாள் முழுவதும் விசா இன்றி வந்துபோகலாம் என்பதே அதன் முதன்மைப் பயன். அந்த அட்டைக்கும் இந்திய அரசு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் படைகளில் பணிபுரிபவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதற்குத் தகுதியற்றவர்கள். அமெரிக்கச் சீருடை அணிந்த மதுரைக்காரர் ஊர்த் திருவிழாவுக்கு வர வேண்டுமானால், பிற வெளிநாட்டினரைப் போல விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.