நீல மலரும் ஆய்வேடும்

நாட்டின் செல்வத்தைக் கணக்கிடப் புகும்போது நிலத்தையும் கனிப்பொருளையும் நாம் முதலில் எண்ணுகிறோம். மலைச்சரிவில் யாரும் காணாமல் பூத்து உதிரும் செடியை எண்ணுவார் இலர். அப்பணிக்கென்றே அமைந்தது இந்தியத் தாவர ஆய்வு நிறுவனம். அதன் வரலாற்றை அறிய, அது தோன்றுவதற்கு முந்திய ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1850-ஆம் ஆண்டில் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கில அறிஞர், இன்று மேகாலயத்தைச் சேர்ந்த காஸி மலைக்குச் சென்றார். அங்கே ஓக் மரங்களைப் பற்றி வளரும் நீல வாண்டா என்னும் ஆர்க்கிட் மலரைக் கண்டு வியந்தார். ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு செடிகளைச் சேகரித்து லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். உயிருடன் போய்ச் சேர்ந்தவை மிகச் சில. இடத்தை அறிந்துவரத் தம் தோட்டக்காரரை அவருடன் அனுப்பிய வேறொருவரோ, ஓர் ஆள் சுமையை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது 300 பவுனுக்கு விலைபோகக் கண்டார். இதனை ஹூக்கரே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அரிய செடியின் இருப்பிடம் வெளிப்படுவதே அதற்குக் கேடாகவும் முடியலாம் என்பதை இதிலிருந்து உணர்கிறோம்.

ஆயினும், இந்தியத் தாவரங்களைப் பற்றி 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த பெருநூலும் அதே ஹூக்கரின் பணியே. இதற்கிடையில், 1890-இல், ஜார்ஜ் கிங் தலைமையில் தாவர ஆய்வு நிறுவனம் தோன்றியது. பயன்தரும் செடிகளை அறிவதே அன்று அரசின் முதல் நாட்டம். 1930-களின் இறுதியில் பணி தளர்ந்தது. விடுதலைக்குப் பின் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பிய ஜானகி அம்மாள், நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1954-இல் அது புத்துயிர் பெற்றது. கோயம்புத்தூர், ஷில்லாங் முதலிய ஊர்களில் வட்டார நிலையங்கள் எழுந்தன.

உலர்த்தித் தாளில் ஒட்டிய செடியின் அருகே, அது கிடைத்த இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். பின்வந்த ஆய்வாளர் அதே இடத்துக்குச் சென்று பலமுறை தேடியும் செடி அகப்படாவிட்டால், அப்பழைய தாள் அதன் மறைவுக்குச் சான்றாகிறது. இத்தகைய ஒப்பீட்டின் பயனாக, அருகிவரும் இந்தியத் தாவரங்களைப் பற்றிய செந்தரவு நூல் 1987 முதல் 1990 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது, முதன்முறையாகச் செடிகளும் அதன் காப்பில் இடம்பெற்றன. அவற்றுள் நீல வாண்டாவும் ஒன்று. காரோ மக்கள் 'பேய்க்கூடை' என்ற பொருளில் 'மேமாங் கோக்சி' என்றழைக்கும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைச் செடியும் ஒன்று.

பட்டியலில் ஏறியதால் மட்டும் ஒரு செடி பிழைத்துவிடாது. அது பற்றிப் படரும் மரம் நிற்க வேண்டும். அம்மரம் நிற்கும் காடும் நிலைக்க வேண்டும். எதைக் காப்பது, எங்கே காப்பது என்பதை ஆய்வேடு நமக்குச் சொல்லிவிட்டது. இனி, அறியாமையால் இழந்தோம் என்று நாம் சொல்ல இயலாது.