அத்தோ: தள்ளுவண்டியில் ஒரு பர்மா

சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரை ஒட்டின தெருக்கள்ல சாயங்காலம் ஆனா அத்தோ வண்டிகளைச் சுத்திக் கூட்டம் நிக்கும். நான் முதல்ல சாப்பிட்டது ஆபீஸ் நண்பன் ஒருத்தன் இழுத்துட்டுப் போனப்போதான். ஏதோ சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்னு நினைச்சுட்டுப் போனா, வாணலியே காணோம்!

ஆரஞ்சு கலர் நூடுல்ஸை ஒரு கிண்ணத்துல அள்ளிப் போட்டு, மேல முட்டைக்கோஸ், வெங்காயம், பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், நொறுக்கின தட்டை. எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு குடுத்துடுறாங்க. பக்கத்துல சூடா வாழைத்தண்டு சூப். புளிப்பும் காரமும் மொறுமொறுப்பும் ஒரே வாயில. செம டேஸ்ட்டுங்க.

பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா? ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணிப் பார்த்தேன். பர்மிய மொழியில் 'அத்தோ' (அதோக்) என்றால் கையால் கலந்து பிசைந்த உணவு. பேஜோ என்பது பருப்புப் பொரியல். சூப்புக்கு மூலம் மொஹிங்கா. அங்கே அது மீன் குழம்பு, வாழைத்தண்டு போட்டு அரிசி நூடுல்ஸோட காலையில சாப்பிடுறது. நம்ம ஊர் வண்டிகள்ல பெரும்பாலும் மீன் காணாமப் போய் தண்டு மட்டும் தங்கிடுச்சு.

சரி, இது இங்க எப்படி வந்துச்சு?

1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். வயல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வட்டித் தொழிலுக்கும் தமிழர்கள் கப்பல் ஏறிப் போனாங்க. 1931ல் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930களின் பொருளாதார மந்தத்துல கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளோட நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம்! அந்தக் கோபம் வட்டிக்கடைக்காரரோட நிக்காம மூட்டை தூக்கின கூலிக்காரன் மேலயும் விழுந்தது.

1942ல் ஜப்பான் படை வந்தப்போ லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு, மலை வழியா நடந்தே தப்பிச்சாங்க. வழியிலேயே செத்தவங்க ஆயிரக்கணக்கில். 'பராசக்தி' (1952) குணசேகரன் ரங்கூன்லேர்ந்து வந்து இறங்குற காலம் இதுதான்.

போர் முடிஞ்சு நிறைய பேர் திரும்பிப் போனாங்க. 1962 மார்ச்சில் நீ வின் ராணுவப் புரட்சி. 1964ல் கடைகள் எல்லாம் அரசுடைமை. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிப்பு. ஊரை விட்டுக் கிளம்பினவங்க எடுத்துட்டு வர அனுமதிச்ச பணமும் நகையும் ரொம்பக் கம்மி. ரங்கூன்ல ஏறி மெட்ராஸ் துறைமுகத்துல இறங்கினாங்க.

அரசாங்கம் இவங்களுக்கு வச்ச பேரு 'தாயகம் திரும்பியோர்'. எனக்கு இடிக்கிறதே இந்த 'திரும்பியோர்'தான். பாதிப் பேர் பொறந்ததே பர்மாவுல. தமிழ்நாட்டை அப்பதான் முதல்தடவையா பார்க்குறாங்க, எங்க 'திரும்புறது'? அங்க இவங்களைக் 'கலா'ன்னாங்க, அதாவது அந்நியன். இங்க வந்தா 'பர்மாக்காரன்'. ரெண்டு ஊர்லயும் வெளியூர்க்காரங்க.

பிழைச்சாகணுமே! 1969 வாக்குல துறைமுகத்துக்குப் பக்கத்துலயே, பாரிமுனை வரைக்கும் நீளுற பிளாட்ஃபாரத்துல கடை போட்டாங்க. அதுதான் பர்மா பஜார். ஃபாரின் சாமான் வாங்க ஊரே அங்க போச்சு. இன்னொரு கூட்டம் தரைவழியா பர்மாவுக்கே திரும்பக் கிளம்பி, எல்லையில விடாததால மணிப்பூரின் மோரேவிலேயே தங்கிட்டாங்க. அங்க இன்னிக்கும் தமிழர்கள் இருக்காங்க.

ஃபாரின் சாமான் இப்ப எல்லா மால்லயும் கிடைக்குது, பஜாரோட பழைய மவுசு போயாச்சு. பர்மாங்கற பேரே 1989ல் மியான்மர் ஆயிடுச்சு, ரங்கூன் யாங்கோன் ஆயிடுச்சு. ஆனா கஸ்டம்ஸ்காரன் பெட்டியைத் திறந்து எடுக்க முடியாத ஒண்ணு கைப்பக்குவம். அது மட்டும் முழுசா கரை சேர்ந்து, வடசென்னைப் பசங்களோட சாயங்காலச் சாப்பாடாவும் ஆயிடுச்சு.

அடுத்தமுறை அத்தோ சாப்பிடுறப்போ வண்டிக்காரர்கிட்ட "அண்ணே, உங்க குடும்பம் பர்மாவுல எந்த ஊரு?"ன்னு மெதுவா கேட்டுப் பாருங்க. புத்தகத்துல இல்லாத வரலாறு கிடைக்கும். கூடவே கொஞ்சம் எக்ஸ்ட்ரா தட்டையும் :)